நிசான் லீஃப் காரில் ஓபிடி அடாப்ரரைப் பொருத்தி, கண்ணில் படாமல் வைக்கும் முறை

2014, 2015ஆம் ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து பாவித்த நிசான் லீஃப் மின்சாரக் கார்கள் பல இலங்கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை இன்றும் ஓட்டுகிறவர்களுக்கும், கைமாற்றி வாங்க நினைப்பவர்களுக்கும் முதலில் எழும் கேள்வி பற்றரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான். மீற்றர் பலகையில் தெரியும் 12 கட்டங்கள் அந்தக் கேள்விக்குச் சரியான விடை தருவதில்லை. கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் குறைந்த பிறகே முதற்கட்டம் மறைகிறது. அதன்பின் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 6.25 சதவீதத்தைக் குறிக்கிறது. ஆகவே 12 கட்டங்களும் ஒளிரும் இரண்டு கார்களில் ஒன்று புதிதைப் போலவும் மற்றது 86 சதவீதத்திலும் இருக்கக்கூடும். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. போதாக்குறைக்கு, பற்றரிக் கட்டுப்பாட்டுக் கணினியின் கணக்கை மீளமைத்துக் கட்டங்களைச் செயற்கையாக நிரப்பி விற்கும் வழக்கமும் உண்டு.

ஓபிடி போர்ட்டில், அதாவது காரின் கணினிகளிலிருந்து தரவை வாசிப்பதற்கான செருகுவாயில், ஒரு சிறிய அடாப்ரரைச் செருகி, கைபேசியில் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் திறந்தால், பற்றரியின் ஆரோக்கிய வீதம், பற்றரிக்குள் உள்ள 96 மின்கல இணைகள் ஒவ்வொன்றின் மின்னழுத்தம், பற்றரியின் வெப்பநிலை, விரைவு மின்னேற்றம் செய்யப்பட்ட தடவைகள் ஆகியவை எண்களாகக் கிடைக்கின்றன. வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவதற்கு எந்த வழிகாட்டியும் தேவையில்லை. ஆனால் லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அது தன் வெப்பத்தை மெதுவாக வெளிக்காற்றுக்கு விட்டுத்தான் ஆறுகிறது. நமது வெயிலில் நீண்ட பயணத்தின் நடுவே ஒருமுறை விரைவு மின்னேற்றம் செய்தாலே வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்பதை அவ்வப்போது கவனிக்க விரும்புகிறவர்களுக்கு அடாப்ரர் காரிலேயே நிரந்தரமாக இருப்பது வசதி. அப்படி வைக்கும்போது அது எங்கே இருக்க வேண்டும், எப்போது மின்சாரம் பெற வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பதே இந்த வேலையின் பெரும்பகுதி.

மறைப்பது என்று இங்கே சொல்வது காலுக்கும் கண்ணுக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒதுக்கி வைப்பதைத்தான். ஸ்ரியரிங்கிற்குக் கீழே நேராகத் துருத்திக்கொண்டிருக்கும் அடாப்ரரில் முழங்கால் இடிக்கும். ஏறி இறங்கும்போது செருப்பு பட்டுப் போர்ட் தளரும். கழன்று விழுந்தால் பிரேக் மிதிக்குக் கீழே போய்ச் சிக்கும். கடைசியாகச் சொன்னது ஒன்றே இந்த வேலைக்குப் போதுமான காரணம். அதேவேளை, டாஷ்போர்ட்டின் அடியிலுள்ள பிளாஸ்ரிக் கவசங்கள் இரண்டைக் கழற்றினால்தான் எட்டும் என்ற அளவுக்கு ஆழமாகப் புதைப்பதும் தவறு. பார்வைக்குத் தெரியாமலும், ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தபடி கை நீட்டினால் அணைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் அழகை விட்டுக்கொடுங்கள்.

அடாப்ரரைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் கிடைக்கும் மலிவான அடாப்ரர்களில் பெரும்பாலானவை ஈஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதற்பதிப்புக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. அதிலிருந்து தொடங்கிய நகல் குடும்பம் இன்றுவரை பெருகி வருகிறது. பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் பதிப்பு எண்ணை நம்ப முடியாது. 1.5 என்ற பதிப்பை அந்த நிறுவனம் வெளியிடவே இல்லை, ஆனாலும் 1.5 என்று எழுதி விற்கப்படும் நகல்களில் பல லீஃபுடன் ஒழுங்காகப் பேசுகின்றன. 2.1 என்று எழுதியவற்றிலோ தேவையான கட்டளைகள் சில குறைந்திருப்பதால் இணைப்பு ஏற்பட்டும் தரவு வராமல் நின்றுவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. எண் கூடியிருந்தால் பொருளும் மேம்பட்டது என்று கடைக்காரர் சொல்வதை இந்த ஒரு விடயத்தில் ஏற்க வேண்டாம்.

அண்ட்ரொய்ட் கைபேசிக்குப் பழைய வகைப் புளூரூத் அடாப்ரர் போதும். ஐபோனுக்குக் குறைமின் புளூரூத் வகையோ வைஃபை வகையோ வேண்டும். வைஃபை வகை கைபேசியின் வைஃபை இணைப்பைத் தானே பிடித்துக்கொள்வதால் நிரந்தரப் பாவனைக்கு அது தொல்லை. வசதியுள்ளவர்கள் ஓபிடிலிங்க் போன்ற தரமான தயாரிப்பை வாங்குவது நல்லது. அவை கார் உறங்கும்போது தாமும் உறங்கிச் சில மில்லி அம்பியருக்குள் அடங்கிவிடுகின்றன. மறைத்து வைக்கப் போகும் பொருளுக்கு இந்தப் பண்பு விலையைவிட முக்கியமானது.

ஏனென்றால் ஓபிடி போர்ட்டின் 16ஆம் முனையில் கார் அணைந்திருக்கும்போதும் 12 வோல்ற் இருந்துகொண்டே இருக்கும். ஒரு மலிவு நகல் 40 மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 அம்பியர் மணி செலவாகும். லீஃபின் பொனற்றுக்குக் கீழே இருக்கும் சிறிய ஈய அமில பற்றரி புதிதாக இருக்கும்போதே சுமார் 45 அம்பியர் மணி கொண்டது. பல ஆண்டுகள் உழைத்த பின் அதில் பாதிகூட மிஞ்சாது. தினமும் ஓடும் காரில் இது பொருட்டல்ல, ஏனெனில் கார் ஓடும்போதும் மின்னேற்றத்தில் இருக்கும்போதும் பெரிய பற்றரியிலிருந்து சிறிய பற்றரி நிரப்பப்படுகிறது. வெளிநாட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்துத் திரும்பும்போதுதான் சிக்கல் தெரியும். பெரிய பற்றரியைக் காருடன் இணைக்கும் மின்காந்தச் சுவிட்சுகளை இயக்குவதற்குச் சிறிய பற்றரியின் மின்சாரம் வேண்டும் என்பதால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் சிறியது இறந்துவிட்டால் கார் அசையாது.

இடம்

லீஃபின் ஓபிடி போர்ட் ஓட்டுநர் பக்கத்தில், ஸ்ரியரிங்கிற்குக் கீழே, டாஷ்போர்ட்டின் அடி விளிம்பில் இருக்கிறது. நேரடியாக அதில் அடாப்ரரைச் செருகாமல், 30 சென்ரிமீற்றர் அளவுள்ள ஒரு நீட்டிப்பு வயரை இடையில் போட்டு, அடாப்ரரைக் கவசத்துக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் நிறுத்துவதே நாம் செய்யப் போவது. வயர் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் சுருட்டி வைக்க இடமும் தேவைப்படும், சமிக்ஞைக்கும் நல்லதல்ல. போர்ட்டுடன் சேரும் தலை செங்கோணமாக மடங்கிய, தட்டையான வகையாக இருந்தால் கீழே துருத்துவது ஓரிரு சென்ரிமீற்றருக்குள் முடிந்துவிடும்.

ஜப்பானில் ஓடிய கார்கள் பலவற்றில் நெடுஞ்சாலைக் கட்டணம் செலுத்துவதற்கு அட்டை செருகும் கருவி ஒன்று டாஷ்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். இங்கே அதனால் எந்தப் பயனும் இல்லாததால் பலர் கழற்றிவிட்டார்கள். உங்கள் காரில் அது இருந்த குழி வெறுமையாக இருந்தால், அடாப்ரருக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது: கை எட்டும், காற்றோட்டம் உண்டு, கால் படாது. அப்படி ஒன்று இல்லாத கார்களில் ஓட்டுநர் பக்கக் கவசத்தின் உட்புறச் சமதளம் ஏதேனும் ஒன்றைத் தேட வேண்டும்.

தவிர்க்க வேண்டிய இடங்கள் திட்டவட்டமானவை. ஸ்ரியரிங் தண்டைச் சுற்றியுள்ள பகுதி வேண்டாம். தண்டு சுழல்வதோடு, சாய்வு மாற்றும்போது மேலும் கீழும் நகர்கிறது. மிதிகளின் தண்டுகள் அசையும் வெளியும் வேண்டாம். மஞ்சள் நிற உறையுள்ள வயர்களும் இணைப்புகளும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடவோ, அவற்றோடு சேர்த்து எதையும் கட்டவோ கூடாது. செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தத்துக்கு உரியவை. இந்த வேலையில் அவற்றின் அருகே போக வேண்டிய தேவையே வராது. தற்செயலாகக் கண்ணில் பட்டால் நீங்கள் தவறான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள் என்று பொருள். உலோகத் தகடுகளுக்குப் பின்னாலும் வைக்க வேண்டாம், ஏனெனில் பிளாஸ்ரிக்கை எளிதில் கடக்கும் புளூரூத் அலை இரும்பைக் கடக்காது.

நீட்டிப்பு வயரும் சுவிட்சும்

நீட்டிப்பு வயர் வாங்கும்போது 16 முனைகளும் நேருக்கு நேர் இணைக்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். மலிவானவற்றில் சில முனைகளுக்கு வயரே போட்டிருக்க மாட்டார்கள். லீஃப் ஸ்பைக்குக் கட்டாயம் வேண்டியவை ஐந்து: 4, 5 ஆகியவை நிலமுனைகள், 6, 14 ஆகியவை காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் வலையமைப்பின் இரு கம்பிகள், 16 மின்வழங்கல். 24 கிலோவாட் மணி பற்றரி கொண்ட லீஃப்களில் 12, 13ஆம் முனைகளில் மின்னியக்கப் பகுதிக்கு உரிய இன்னொரு கேன் வலையமைப்பும் வெளியே வருகிறது. இன்றைக்கு அது தேவைப்படாவிட்டாலும், பின்னாளில் வேறு கருவி வைக்க விரும்பினால் முழு வயர் கைகொடுக்கும்.

சுவிட்சுடன் வரும் நீட்டிப்பு வயர்களும் விற்பனையில் உள்ளன. கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நாமே செய்துகொள்ளலாம். வெட்டப் போவது நீட்டிப்பு வயரின் 16ஆம் கம்பியை மட்டுமே. காரின் சொந்த வயரில் எதையும் வெட்டவோ, தோலுரிக்கவோ, கவ்வியால் கடிக்கவோ கூடாது. நீட்டிப்பு வயர்களின் நிறங்களுக்குப் பொதுவான ஒழுங்கு இல்லை; சிவப்புத்தான் மின்வழங்கல் என்று எடுத்துக்கொள்ளாமல் மல்ரிமீற்றரால் தொடர்ச்சி பார்த்தே உறுதிப்படுத்த வேண்டும். காரின் போர்ட்டை அகலமான பக்கம் மேலே வரும்படி நேரே பார்த்தால் மேல்வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரையும், கீழ்வரிசையில் 9 முதல் 16 வரையும் உள்ளன. எனவே 16 வலது கீழ் மூலையில் இருக்கிறது. போர்ட்டுக்குள் செருகப்படும் ஆண் தலையை முன்னிருந்து பார்க்கும்போது இது இடவலம் மாறி இடது கீழ் மூலைக்கு வரும். இங்கே குழம்புகிறவர்கள் அதிகம் என்பதால், வெட்டுவதற்கு முன் இருமுறை சரிபாருங்கள்.

வெட்டிய கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே, காரின் பக்கத்தில் 1 அம்பியர் பியூஸ் ஒன்றையும், அதற்கு அடுத்து ஒரு சிறிய சுவிட்சையும் தொடராக இணைத்து, இணைப்புகளை ஈயம் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய இணைப்பு வெயிலில் நிற்கும் காருக்குள் சில மாதங்களில் பசை உருகிக் கழன்றுவிடும். இந்த வேலை முழுவதும் காருக்கு வெளியே, மேசையில் வைத்துச் செய்யப்பட வேண்டியது. முடிந்ததும் 16ஆம் முனைக்கும் மற்றைய முனைகளுக்கும் இடையே தொடர்ச்சி எதுவும் இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பொருத்துதல்

முதலில், எதையும் மறைக்காமல் ஒத்திகை பாருங்கள். காரை முற்றாக அணைத்த நிலையில் நீட்டிப்பு வயரையும் அடாப்ரரையும் செருகி, சுவிட்சைப் போட்டு, பிரேக்கை மிதித்துக் காரை ஓடுநிலைக்குக் கொண்டுவந்து, கியரை நிறுத்த நிலையிலேயே விட்டுவிட்டுச் செயலியைத் திறக்கவும். அமைப்புகளில் காரின் ஆண்டையும் மாதிரியையும் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் எண்கள் தவறாக வரும். 96 கல இணைகளும் திரையில் வந்து சேர்ந்தால் அடாப்ரரும் வயரும் நல்லவை. இந்த ஒத்திகையைச் செய்யாமல் எல்லாவற்றையும் கட்டி முடித்த பின் தரவு வரவில்லையென்றால், பிழை அடாப்ரரிலா, வயரிலா, மறைத்த இடத்திலா என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிரிக்க நேரும்.

ஒத்திகை சரியாக வந்ததும் காரை அணைத்து எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெரும்பாலும் கவசத்தைக் கழற்றாமலே கீழிருந்து கை நுழைத்து வேலையை முடிக்க முடியும். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், திருகாணிகளை முதலில் தேடி எடுத்துவிட்டு, பிளாஸ்ரிக் நெம்புகோலால் பிடிப்பான்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். பத்து ஆண்டு கடந்த காரின் பிடிப்பான்கள் வெப்பத்தில் வறண்டு எளிதில் முறியக்கூடியவை. இரும்புத் திருப்புளியால் நெம்பினால் கவசத்தின் விளிம்பிலும் வடு விழும்.

அடாப்ரரையும் நீட்டிப்பு வயரையும் வயர்களுக்கென்றே விற்கப்படும் துணிநாடாவால் சுற்றுங்கள். லீஃப் போன்ற சத்தமற்ற காரில், கவசத்தோடு உரசும் ஒரு சிறு பிளாஸ்ரிக் துண்டின் கிறீச்சொலிகூடப் பயணம் முழுதும் காதைக் குடையும். எனினும் அடாப்ரரின் உடலை முழுவதுமாகப் பஞ்சுக்குள் பொதிந்துவிடாதீர்கள், அதன் சூடு வெளியேற வழி வேண்டும். மினுங்கும் விளக்குக்கு மேல் கறுப்பு நாடாத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால் இரவில் மிதிகளின் மேல் பச்சை வெளிச்சம் துடிக்காது. வெளியில் நிற்பவருக்கு அடாப்ரரைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளமும் அந்த வெளிச்சமே.

நிலைநிறுத்துவதற்கு அகலமான வெல்குரோ பட்டி நல்லது. ஒட்டும் இடத்தை முதலில் மதுசாரத்தால் துடைத்துக் காயவிடுங்கள். தூசியின் மேல் ஒட்டிய பட்டி வெயிலில் உரிந்துவிடும். பசையை மட்டும் நம்பாமல், அருகிலுள்ள அசையாத தாங்கியொன்றில் கேபிள் டை ஒன்றையும் தளர்வாகக் கட்டிவைத்தால், பட்டி உரிந்தாலும் அடாப்ரர் மிதிகளின் பக்கம் விழாது. காரின் வயர்க்கற்றையோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவதைத் தவிருங்கள். போர்ட்டில் செருகிய தலைக்கு இழுவிசை படாதபடி வயரில் ஒரு சிறு தளர்ச்சி விடுங்கள். சுவிட்சைக் கவசத்தின் அடி விளிம்புக்கு உட்புறமாக, விரல் தேடினால் அகப்படும் இடத்தில் ஒட்டவும். அதற்காகக் கவசத்தில் துளையிட வேண்டாம்.

மூடுவதற்கு முன்னும் பின்னும்

கவசத்தை மூடுவதற்கு முன், கார் அணைந்திருக்கும்போதே ஸ்ரியரிங்கின் சாய்வை மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நகர்த்தி, எதுவும் உரசவில்லை என்று கையால் தடவிப் பாருங்கள். பிரேக் மிதியை அடிவரை அழுத்துங்கள். காலால் இயக்கும் நிறுத்த பிரேக் உள்ள ஆண்டுகளில் அதையும் அழுத்திப் பாருங்கள். பின்னர் ஓடுநிலைக்குக் கொண்டுவந்து ஸ்ரியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். எல்லாம் சரியென்றால் மூடிவிட்டு, கைபேசியை வழமையாக வைக்கும் இடத்திலிருந்தே இணைப்பு கிடைக்கிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும்.

இனி, பெரும்பாலோர் விட்டுவிடும் ஓர் அளவீடு: அடாப்ரர் உண்மையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது? நாம் வைத்த சுவிட்ச் இதை மிக எளிதாக்குகிறது. காரை அணைத்துப் பூட்டிச் சிறிது நேரம் உறங்கவிட்டு, சுவிட்சை அணைத்து, மின்னோட்டம் அளக்கும் நிலையில் உள்ள மல்ரிமீற்றரின் இரு முனைகளையும் சுவிட்சின் இரு முனைகளில் தொடுங்கள். சுவிட்சின் வேலையை மீற்றர் செய்வதால் அடாப்ரருக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் மீற்றரின் வழியே போகிறது. முதலில் பெரிய அளவையில் தொடங்கி, பிறகு மில்லி அம்பியருக்கு மாறலாம். சில மில்லி அம்பியர் மட்டுமே காட்டினால் சுவிட்சைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். 30, 40 என்று காட்டினால் காரை இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நிறுத்தும்போதெல்லாம் அணைக்கும் பழக்கம் வேண்டும்.

அணைப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இந்த அடாப்ரர்களின் கடவு எண் அநேகமாக 1234 அல்லது 0000. அருகில் நிற்கும் எவரும் அதனோடு இணைய முயலலாம். லீஃப் ஸ்பையின் கட்டணப் பதிப்பு, கதவுப் பூட்டு அமைப்புகளை மாற்றுவது, பிழைக் குறியீடுகளை அழிப்பது போன்றவற்றையும் செய்யக்கூடியது என்பதை நினைத்தால், திறந்த கதவு ஒன்றை இரவும் பகலும் காரில் விட்டுவைப்பது சரியாகத் தெரியவில்லை. நீங்களும் கார் ஓடும்போது வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமைப்பு எதையும் மாற்றுவதாக இருந்தால் நிறுத்திய காரில் செய்யுங்கள். பிழைக் குறியீடுகளை எழுதி வைக்காமல் அழித்துவிட்டு மெக்கானிக்கிடம் போனால், அவருக்குத் துப்பு எதுவும் மிஞ்சியிருக்காது.

பொருத்திய பின்னர் மீற்றர் பலகையில் பல எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்தால், முதலில் சுவிட்சை அணைத்துப் போர்ட்டிலிருந்து வயரைக் கழற்றுங்கள். அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது 12 வோல்ற் பற்றரியை. லீஃபில் சிறிய பற்றரி தளரும்போது, தொடர்பே இல்லாத பகுதிகள் பழுதானது போலக் கணினிகள் முறையிடத் தொடங்கும். நல்ல அடாப்ரர்கள் பல இதற்காக வீணாகப் பழி சுமந்து குப்பைக்குப் போயிருக்கின்றன. கார் அணைந்து சில மணி நேரம் நின்ற பின் அந்தப் பற்றரியின் மின்னழுத்தம் 12.4 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் அதை மின்னேற்றிச் சோதித்த பின்பே மற்றவற்றைத் தேடுங்கள்.

காரை வேறு யாரேனும் ஓட்டுவதாக இருந்தால், அடாப்ரர் இருப்பதையும் சுவிட்ச் இருக்கும் இடத்தையும் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதி செயலியிலேயே இருப்பதால், வாடகைக்கு எடுத்த காரிலோ, இன்னொருவர் அன்றாடம் ஓட்டும் காரிலோ அவருக்குத் தெரியாமல் இப்படி எதையும் வைப்பது இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வராது. மாறாக, பாவித்த காரை வாங்கிய முதல் நாளில் இதே இடத்தில் கைவிட்டு, முன்னைய உரிமையாளரோ கடன் கொடுத்தவரோ வைத்த கருவி ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கராஜுக்குக் கொடுக்கும் நாளில் நீட்டிப்பு வயரோடு சேர்த்து எல்லாவற்றையும் போர்ட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு கருவிகள் ஒரே வலையமைப்பில் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் பதில்கள் குழம்பும். இரு கிளைகளாகப் பிரியும் வயரைப் போட்டு இரண்டையும் சேர்த்து வைப்பதும் இதே காரணத்தால் பயன்படாது. காரை விற்கும்போது வாங்குபவருக்கு எண்களைக் காட்டுவதற்கு அடாப்ரர் உதவும். ஆனால் உடன்பாடு முடிந்ததும் அதை அவருக்கே கொடுப்பதானால், உங்கள் கைபேசியிலிருந்து இணைப்பை நீக்கிவிட்டு, 16ஆம் கம்பியில் பியூஸ் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக் கொடுங்கள்.